காபன் கணக்கில் வரவு யாருக்கு?

பல விமான நிறுவனங்களின் இணையத்தளத்தில், டிக்கட்டுக்குப் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். இன்னும் சில பவுண் சேர்த்துக் கட்டினால் இந்தப் பயணத்தால் உண்டாகும் காபனை ஈடுசெய்து தருகிறோம் என்று அது சொல்லும். லண்டனில் அந்தப் பெட்டியில் சரி போட்டவர் கட்டுநாயக்கவில் இறங்கி, எல்லவுக்கு வந்து, ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, மனச்சுமை இல்லாமல் ஊர் திரும்புகிறார். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் தெமோதரை. ரயில் பாதை வட்டமடித்து இறங்கி, தான் விட்டு வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் புகுந்து போகும் ஊர் அது. சுற்றிலும் தேயிலை மலைகள், மலைகளுக்கு நடுவே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள்.

லண்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வர, சாதாரண வகுப்பில் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. அத்தனை உயரத்தில் விடும் புகையின் மற்ற விளைவுகளையும் சேர்த்தால் கணக்கு இரண்டு தொன்னைத் தாண்டும். இலங்கையில் ஒருவர் ஒரு வருடம் முழுக்க வெளியிடும் காபனின் சராசரியும் ஒரு தொன் அளவுதான். உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு, அமெரிக்காவில் அது 14 தொன்னுக்குக் குறையாது. பாலத்தைப் பார்க்க வந்து போவதற்கு ஒருவருக்குச் செலவாகும் காபனில், பாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரு வருடம் வாழ்ந்துவிடுகிறார். காரும் குளிரூட்டியும் உள்ள கொழும்பு வீடுகளையும் சேர்த்து எடுத்த சராசரிதான் இந்த ஒரு தொன். லயத்துக் குடும்பத்தின் பங்கு அதற்கும் கீழே.

அப்படியிருந்தும் 'உங்கள் காபன் அடிச்சுவடு எவ்வளவு?' என்ற கேள்வி உலகத்தில் எல்லோரையும் ஒரே குரலில் கேட்கிறது. சூழலியல் அடிச்சுவடு என்ற கணக்கை 1990களில் கனடாவில் வில்லியம் ரீஸும் மதிஸ் வாக்கர்நாகலும் உருவாக்கினார்கள். தனிமனிதரின் காபன் அடிச்சுவடு என்று அதைத் திருப்பி, இணையத்தில் கணிப்பான் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு பிபி எண்ணெய்க் கம்பனியின் விளம்பரத்துக்கு உண்டு. அது 2004, 2005 காலம். எண்ணெய் தோண்டி விற்றவர் விலகி நிற்க, வாங்கி எரித்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். வாங்கி எரித்தவர்களும் ஒரே தரத்தவர் அல்லர். 2019இல் உலகின் பணக்கார ஒரு வீதத்தினர் வெளியிட்ட காபன், ஏழைகளான 500 கோடிப் பேர் வெளியிட்டதற்குச் சமம் என்று ஒக்ஸ்பாம் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

அந்தக் கணிப்பானை தெமோதரைப் பக்கத்து லயன் காம்பரா ஒன்றில் வைத்து நிரப்பிப் பார்க்கலாம். வருடத்தில் எத்தனை விமானப் பயணம்? கிடையாது. கார் என்ன ரகம்? கிடையாது. வீட்டைச் சூடாக்க என்ன எரிபொருள்? கம்பளி. மாட்டிறைச்சி வாரத்துக்கு எத்தனை நாள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் சம்பளத் திகதியைக் கேட்க வேண்டும். மிச்சம் இருப்பது இரண்டு மூன்று பல்பு, ஒரு டீவி, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போகும் பஸ், அப்புறம் அடுப்பு. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும் மலையில் விழுந்து கிடக்கும் தேயிலைக் கிளைகளான மிலாறுதான் பல வீடுகளில் இன்னும் விறகு. அதைக் காயவிட்டு, கட்டிச் சுமந்து வந்து, லயத்துப் பின்பக்கம் அடுக்குகிறார்கள். அடுப்படிக் கூரைத் தகரம் கரி பிடித்துப் பளபளக்கும். 2022இல் கொழும்பு கேஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்றபோது, இந்த அடுப்புகள் வழக்கம்போல எரிந்தன.

குறைக்கச் சொல்ல இங்கே அதிகம் இல்லை. ஆனால் ஈடுசெய்யும் வியாபாரத்துக்கு இப்படிப்பட்ட இடங்கள் கட்டாயம் தேவை.

அந்த வியாபாரத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு தொன் காபனை எங்கோ ஒருவர் வெளியிடாமல் தடுத்தாலோ, மரத்திலோ மண்ணிலோ சேமித்தாலோ அவருக்கு ஒரு காபன் வரவு கிடைக்கும். அதை விலைக்கு வாங்கியவர் தன் கணக்கிலிருந்து ஒரு தொன்னைக் கழித்துக்கொள்வார். 1989இல் ஓர் அமெரிக்க மின் கம்பனி, தன் நிலக்கரி நிலையத்துக்கு ஈடாகக் குவாத்தமாலாவில் மரம் நடப் பணம் கொடுத்ததை முதல் முயற்சி என்பார்கள். 1997இன் கியோட்டோ உடன்படிக்கை இதைச் சட்டமாக்கி 'தூய அபிவிருத்திப் பொறிமுறை' என்று பெயர் வைத்தது. பணக்கார நாடு பணம் கொடுக்கும், வளரும் நாடு திட்டம் நடத்தும், வரவு பணக்கார நாட்டுக்குப் போகும்.

இந்த மலைகள் இருக்கும் ஊவாவுக்கு இது புதிதில்லை. பதுளை நகரைத் தொட்டுக்கொண்டு ஓடி, துன்ஹிந்தவில் 64 மீற்றர் குதித்து, மகாவலியில் சேரும் பதுளு ஓயாவில் ஒரு சிறு நீர்மின் நிலையம் இருக்கிறது. இலங்கையிலிருந்து அந்தப் பொறிமுறையில் முதலில் பதிவான திட்டங்களில் அதுவும் ஒன்று. அலுபொலவில் உள்ள இன்னொரு சிறு நிலையத்தோடு சேர்த்து 2005ஆம் ஆண்டே அதைப் பதிவு செய்துவிட்டார்கள். நிலையம் தரும் மின்சாரத்தின் அளவுக்கு எண்ணெய் எரிப்பது குறையும், குறைந்த புகை தொன் கணக்கில் வரவாகும் என்பது கணக்கு. பதுளு ஓயாவின் தண்ணீர் இப்படித் தூரத்து நாட்டுக் கணக்குப் புத்தகத்துக்குள் புகுந்தது.

இந்த இடத்தில்தான் எல்லா ஈடுசெய்தல்களையும் துரத்தும் கேள்வி வருகிறது: காபன் பணம் வராவிட்டால் இந்தத் திட்டமே நடந்திருக்காதா? இலங்கையில் சிறு நீர்மின் நிலையங்களிடம் மின்சார சபை மின்சாரம் வாங்கும் ஒப்பந்த முறை 1990களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. உலக வங்கிக் கடனும் கிடைத்தது. எப்படியும் நடக்கவிருந்த வேலைக்கு வரவு எழுதினால், ஒரு தொன்கூடக் குறையாமல் இன்னொரு நாட்டில் ஒரு தொன் கூடுதலாக எரியும். எந்தத் திட்டம் எந்த வகை என்று வெளியிலிருந்து சொல்வது கடினம், அதுதான் இந்த முறையின் பலவீனமும். ஐரோப்பிய ஆணைக்குழுவுக்காக 2016இல் செய்த ஆய்வு, அந்தப் பொறிமுறையின் திட்டங்களில் 85 வீதம் உண்மையான கூடுதல் குறைப்பைத் தந்திருக்கும் வாய்ப்புக் குறைவு என்று முடித்தது. சந்தையும் தன் தீர்ப்பைச் சொல்லியிருந்தது. 2008இல் 20 யூரோவைத் தாண்டி விற்ற வரவு, 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே போயிற்று.

மரம் நட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைப்பவர்கள் பதுளை மாவட்டத்துப் புல்மலைகளைப் பார்க்க வேண்டும். 1970, 80களில் வன இலாகா, பத்தன என்று சொல்லும் இந்தப் புல்வெளிகளில் பைனஸையும் யூக்கலிப்டஸையும் மலை மலையாக நட்டது. நோக்கம் நல்லது. மண்ணரிப்பு நிற்கும், மரம் கிடைக்கும், பச்சையாகவும் இருக்கும் என்றார்கள். பைனஸுக்கு அடியில் வேறு எதுவும் இலேசில் முளைப்பதில்லை. ஊற்று வற்றிப்போனது என்ற முறைப்பாடு கிராமங்களில் இன்றைக்கும் கேட்கிறது. ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசத்தைக் கொடுப்பதும் அதே காற்று, காய்ந்த பைனஸ் சருகில் விழுந்த நெருப்பை அடுத்த மலைக்குத் தூக்கிப்போவதும் அதே காற்று. விமானத்தின் புகை வளியில் நூற்றாண்டுகள் தங்கும். அதற்கு ஈடாக நட்ட மரம் ஒரு கச்சான் காலத்தில் சாம்பலாகலாம். அப்போது அதை வாங்கிக் கழித்துக்கொண்டவரின் கணக்கை யாரும் திருத்துவதில்லை.

நட்ட மரத்தைவிட நிற்கும் காட்டைக் காப்பாற்றுவதில் பணம் போடலாம் என்ற வாதமும் உண்டு. அதற்கும் அடி விழுந்தது. 2023 ஜனவரியில் கார்டியன், டி ஸைட் பத்திரிகைகளும் சோர்ஸ் மெட்டீரியல் அமைப்பும் சேர்ந்து, உலகின் மிகப் பெரிய சான்றிதழ் அமைப்பான வெர்ரா ஒப்புதல் கொடுத்த மழைக்காட்டு வரவுகளில் 90 வீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்று எழுதின. வெர்ரா அதை மறுத்தது. கணக்கிடும் முறையை மாற்றும் வேலையையும் செய்தது.

அடுப்புக் கதை இன்னும் நெருங்கி வருகிறது. ஏழை வீடுகளுக்குச் சீரான அடுப்புக் கொடுத்து, மிச்சமாகும் விறகைக் காபன் வரவாக விற்பது இன்று பெரிய தொழில். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையான குறைப்பைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் வரவு எழுதியிருந்ததாகக் கண்டார்கள். கொடுத்த அடுப்பை எல்லாரும் எல்லா நாளும் பயன்படுத்துவதாகவும், பழைய அடுப்பை மூடிவிட்டதாகவும் எண்ணிக்கொண்டதில் வந்த வீக்கம் இது. இலங்கையில் அதற்கு முன்னோடியாக 1980களில் வந்த அனகி அடுப்பு, களிமண்ணில் செய்த இரட்டை அடுப்பு, காபன் சந்தை பிறப்பதற்கு முன்பே கடைகளில் விற்றது. விறகு குறைந்தது, புகை குறைந்தது, பெண்களின் கண்ணும் நெஞ்சும் கொஞ்சம் தப்பின. அதற்கு யாரும் எந்த விமானத்தையும் ஈடாக வைக்கவில்லை.

பசுமை என்ற பெயரில் வருவது எல்லாம் உள்ளூருக்கு இலவசமாக வருவதும் இல்லை. 120 மெகாவாற் உமா ஓயா நீர்மின் திட்டம் 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்து வைத்தது. நிலக்கரியோ எண்ணெயோ எரிக்காத மின்சாரம், நாட்டுக்குத் தேவையானது. அதன் சுரங்கத்தைத் தோண்டும்போது 2014 இறுதியில் உள்ளே தண்ணீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். தேசிய மின்கட்டமைப்புக்குப் போன யூனிட்டுகளின் கணக்கு இருக்கிறது. வற்றிய கிணற்றை எந்தக் காபன் கணக்கும் கழித்துக் காட்டாது.

இனி முக்கியமான விஷயம். நாளைக்கே ஒரு வெளிநாட்டுக் கம்பனி தெமோதரை மலைகளில் நிழல் மரம் நட்டுக் காபன் வாங்க வந்தால், வரவு யார் பெயரில் விழும்? 1972 முதல் 1975 வரை நடந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் பெரும்பாலானவை நீண்ட காலக் குத்தகையாகத் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. நிலம் அரசுடையது, மரம் கம்பனியுடையது. குழி வெட்டி, கன்று சுமந்து, நட்டு, களை பிடுங்குபவருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அவர் குடியிருக்கும் லயத்தின் நிலம்கூட அவருடையது இல்லை. வீட்டுக் காணி ஏழு பேர்ச்சா பத்து பேர்ச்சா என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகிறது. காபன் சந்தையில் விற்பவராக இருக்க உறுதிப்பத்திரம் வேண்டும். மலையகத் தொழிலாளி அந்தச் சந்தையில் கூலியாளாக மட்டுமே நுழைய முடியும்.

இதற்குள் ஒரு பழைய கணக்கும் கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் இந்த மலைகளின் காடுகளை வெட்டி எரித்த காபன் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அந்தத் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோகத்தான் 1924இல் பதுளை வரைக்கும் ரயில் வந்தது.

ஆகவே தோட்டக் கம்பனிகளுக்கு முதல் வேலை விற்பதற்கு வரவு தேடுவது அல்ல, தங்கள் சொந்த வெளியீட்டைக் குறைப்பது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். அதைத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வாட்டவும் உலர்த்தவும் ஒரு கிலோவுக்கு மேல் விறகு எரிகிறது. ஈர விறகைப் போட்டால் இன்னும் கூடும். விறகைக் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் காயவைப்பது, அடுப்பையும் வெப்பக்குழாயையும் பழுது பார்ப்பது, இரவு பகலாக ஓடும் வாட்டு விசிறிகளின் மோட்டரை மாற்றுவது எல்லாம் செலவையும் புகையையும் ஒன்றாகக் குறைக்கும். யூரியாவில் ஒரு பங்கு நைதரசன் மண்ணிலிருந்து நைதரசு ஒட்சைட்டாகப் போகிறது. அந்த வாயு காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அதற்காக உரத்தையே ஒரே இரவில் நிறுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக் கிலோ அளவுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தால் வேலை நாள் குறையும். காலநிலையின் பெயரால் எடுத்த முடிவின் பில்லும் லயத்துக்கே வந்தது. மண்ணைப் பரிசோதித்து அளவாகப் போடுவதும் நிழல் மரத்தின் இலையை மண்ணுக்கே திருப்புவதும் மெதுவான வழிகள், ஆனால் பிழைக்கும் வழிகள்.

வெளிச்சந்தையும் இதையே கேட்கத் தொடங்கியிருக்கிறது. வெளியே வாங்கிய வரவைக் காட்டி, ஒரு பொருள் 'காலநிலை நடுநிலை' என்று பொதியில் எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய சட்டம் தடுக்கிறது. நடைமுறைத் திகதி 2026 செப்டெம்பர் 27. ஊவாத் தேயிலைப் பொதியில் பச்சை இலை முத்திரை குத்த நினைப்பவர், ஸ்டோரில் என்ன குறைத்தார் என்று காட்ட வேண்டிவரும்.

அப்படியானால் தனிமனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? லயத்தில் இருப்பவரிடம் கேட்கக் கூடாத கேள்வியை கொழும்பு, கண்டி, டொரன்டோ, லண்டன் தமிழரிடம் கேட்கத்தான் வேண்டும். குறைப்பதற்கு அவர்கள் கையில் நிறைய இருக்கிறது. வருடா வருடம் இரண்டு வாரம் பறந்து வருவதை விட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் தங்கினால் பயணக் காபன் பாதியாகும். ஒருவருக்கு ஒரு வேன் பிடித்து எல்லவுக்கு வருவதைவிட கொழும்பிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீற்றர் ரயிலில் வருவது பல மடங்கு குறைவு, கண்ணுக்கும் நல்லது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட வசதி உள்ளவர்கள் போட்டால், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியில் ஒரு பிடி மிஞ்சும். ஒரு கோப்பைத் தேநீரின் வெளியீட்டில் பெரும்பங்கு தோட்டத்தில் இல்லை, குடிப்பவரின் கேத்தலில் இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு கோப்பைக்கு ஒரு கேத்தல் நிறையக் கொதிக்கவைக்கும் பழக்கத்தைக் கைவிடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் காபனுக்காகப் பணம் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். அதைக் கழித்தல் என்று எழுதாமல் பங்களிப்பு என்று எழுதினால் போதும். பறந்தது பறந்ததுதான். கொடுத்த பணம் ஒரு லயத்துக்குப் புகைபோக்கி உள்ள அடுப்பாகவோ, ஒரு பாடசாலைக்குச் சூரிய மின்சாரமாகவோ போகலாம். அதற்காக அடுத்த டிக்கட்டில் சலுகை கேட்கக் கூடாது.

ஏனென்றால் இங்கே மழையின் கணக்கு வேறு. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு மிகக் கடுமை, மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. சூடேறும் கடல் கூடுதல் ஈரத்தைத் தூக்கி வருகிறது. அந்த ஈரம் வந்து விழும் சரிவில் குடியிருப்பவர்கள் உலகத்தில் மிகக் குறைவாக எரித்தவர்கள். மண்சரிவு அபாயத்தில் நிற்கும் லயத்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும் செலவு எந்தக் காபன் சந்தையிலும் வரவாக விற்காது. தொன் கணக்கில் அளக்க அதில் எதுவும் இல்லை.

அதனால் ஊவாவுக்கு வரும் எந்தக் காபன் திட்டத்துக்கும் சில நிபந்தனைகளை முன்கூட்டியே வைத்துவிடுவது நல்லது. காபன் வருமானத்தில் மரத்தை நட்டு வளர்ப்பவர்களின் பங்கு எத்தனை வீதம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பைனஸ் மாதிரி ஒரே இன மரம் வேண்டாம், எந்த ஊற்றுக்குப் பக்கத்தில் எதை நடக் கூடாது என்பதை ஊர்க்காரர் சொல்ல வேண்டும். வருமானத்தின் ஒரு பகுதி முதலில் அபாயச் சரிவில் உள்ள குடும்பங்களின் காணிக்கும் வீட்டுக்கும் போக வேண்டும். அரசின் இலங்கைக் காலநிலை நிதியம் தான் சான்றிதழ் கொடுக்கும் திட்டங்களின் விபரத்தைத் தோட்டப் பாடசாலையில் படித்தவரும் வாசிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். சம்பள நிர்ணய சபையில் நாட்சம்பளத்துக்காக மல்லுக்கட்டும் தொழிற்சங்கங்கள், தங்கள் கோரிக்கைப் பட்டியலில் காபனையும் இப்போதே சேர்க்கலாம். கம்பனிகள் முதலாவது வரவை விற்ற பிறகு கேட்டால், பங்கு பிரித்து முடிந்திருக்கும்.